தட்டிக் கேட்க ஓர் ஆள்

விலையைக் கேட்டுவிட்டு ஒருமுறை இருமாதவர் இந்தப் பட்டறைக்குள் வந்ததே இல்லை. நீங்களும் இருமினீர்கள். விசாரிக்க வந்த இடத்தில், சுவரில் தொங்குகிற மேண்டலினைப் பார்த்து, "இது என்ன விலைம்மா?" என்று கேட்டீர்கள். நான் சொன்னதும் உங்களோடு வந்த பெண் காவலர் என்னை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார். எனக்கு வருத்தமில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் பார்த்தேன். கைக்குழந்தை அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அதன்மேல் எட்டுக் கம்பி. இதற்குப் போய் இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்பதற்கும் அதன் விலைக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. அதனால் விலையிலிருந்தே தொடங்குகிறேன். உட்காருங்கள், ஐயா. அந்த முக்காலி வேண்டாம், ஆடும். சுவரோரம் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் மேண்டலினின் மேல்பலகை வெறும் ஒட்டுப்பலகை. இயந்திரம் சூடாக்கி, அழுத்தி, வளைத்துத் தள்ளிவிடும். இங்கே அப்படியில்லை. இரண்டு விரல் கனமுள்ள பலகையை உளியால் செதுக்கி, இழைத்து, கடைசியில் இரும்புத் தகட்டால் சுரண்டிச் சுரண்டி மேடாகக் கொண்டுவர வேண்டும். நடுவில் கொஞ்சம் கனம், ஓரத்துக்குப் போகப் போக மெலிவு. ஆனால் எவ்வளவு மெலிவு என்பதற்குக் கணக்கு கிடையாது. ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளை ஒரே அளவுக்குச் சுரண்டினாலும் ஒன்று பாடும், இன்னொன்று முனகும்.

அதனால் எங்கள் தொழிலில் தட்டிக் கேட்பதுதான் எல்லாம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மற்ற கையின் விரல் முட்டியால் தட்ட வேண்டும். கனமாக இருக்கும்போது கதவைத் தட்டினாற்போல் டொக்கென்று நின்றுவிடும். சுரண்டச் சுரண்ட அந்த ஓசைக்கு ஒரு வால் முளைக்கும். வால் நீண்டுகொண்டே வந்து, ஏதோ ஓரிடத்தில் பலகை மூச்சு விட்டாற்போல் சத்தம் திறந்துகொள்ளும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் தகர டப்பாதான். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. விலை கொடுப்பவர்கள் வேலைக்குக் கொடுப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினோமே, அதற்குத்தான் அவ்வளவும்.

என் வீட்டுக்காரர் வேலை சுத்தம். இரண்டு மரம் சேருமிடத்தை நகத்தால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மனிதர் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பலகையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். தடிமன் காட்டுகிற முள் வைத்த கருவி ஒன்று இருக்கிறது, கேலிப்பர் என்பார்கள். அதை இங்கே வைத்துப் பார்ப்பார், அங்கே வைத்துப் பார்ப்பார், முள் சொல்கிற இடத்தில் நிறுத்துவார். எங்கள் மகள் அவருக்கு மில்லிமீட்டர் என்று பேர் வைத்திருந்தாள். "எங்கப்பா முத்தம் கொடுத்தாக்கூட அளந்துதான் கொடுப்பாரு" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் செய்த மேண்டலின்கள் பார்க்க அவ்வளவு லட்சணம். வாயைத் திறந்தால்தான் ஒன்றுமில்லை. இதைப் பெண்டாட்டி சொல்லக்கூடாதுதான். ஆனால் சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் என் காதில் விழுந்திருக்கிறது. காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், சத்தம் திறந்துகொள்வது தெரியும். அவர் அதைத் தாண்டிச் சுரண்டிக்கொண்டிருப்பார், முள் இன்னும் இறங்கவில்லை என்பதற்காக. சில சமயம் சத்தம் திறக்க இன்னும் இருக்கும்; முள் இறங்கிவிட்டதென்று தகட்டைக் கீழே வைத்துவிடுவார். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன்.

"இப்ப ஒரு தட்டு தட்டினீங்களே, அது நல்லா இருந்துச்சுங்க. அதோட விட்டிருக்கலாம்."

"உப்பு போதுமான்னு பாக்கறது உன் வேலை," என்றார். "இது என் வேலை."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன். அதன்பிறகு இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் அவர் கண்ணில் மரச்சிராய் குத்தியது. குத்தியது ஒரு கண்ணில்தான். நல்ல கண் அசைந்தால் இதுவும் கூட அசையும், புண் ஆறாது என்று ஆஸ்பத்திரியில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னார்கள். சும்மா இருக்கிற ஆளா அவர்? அப்போது கச்சேரி வாசிக்கிற ஒருவருக்கு மேண்டலின் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அவரைத் தாடிக்காரர் என்போம். வாக்குக் கொடுத்தாயிற்று என்று ஒரே புலம்பல். கடைசியில் கட்டோடு போய் மேசைமுன் உட்கார்ந்து, பலகையைக் கட்டைவிரலால் தடவித் தடவிச் சுரண்ட ஆரம்பித்தார். முள்ளைப் பார்க்க வழியில்லை. கொஞ்ச நேரம் தட்டினார், சுரண்டினார், தட்டினார். பிறகு குரல் வந்தது.

"இந்தா, இங்க கொஞ்சம் வா."

போனேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் பலகையைத் தூக்கிப் பிடித்துத் தட்டினார்.

"என்ன சொல்ற?"

யாராவது உங்களை அப்படிக் கேட்டிருக்கிறார்களா, ஐயா? உங்களைக் கேட்டிருப்பார்கள். என்னைக் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றேன். சுரண்டினார். தட்டினார். "என்ன சொல்ற?" இன்னும் கொஞ்சம் என்றேன். அப்படியே போய் ஓரிடத்தில் சத்தம் திறந்தது. "போதும்" என்றேன். அவர் கை அந்த இடத்திலேயே நின்றது. என் ஒரு வார்த்தைக்கு அந்தக் கை நின்றதே, அந்தச் சந்தோஷத்தை நான் என் பிள்ளைப்பேற்றில்கூட அறிந்ததில்லை. உண்மையைத்தானே சொல்லச் சொன்னீர்கள்.

அந்த மேண்டலினை வாங்க வந்த தாடிக்காரர் இதோ இந்த இடத்தில் நின்று வாசித்தார். வாசித்து முடித்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று இவரிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டுக்குக் கீழே முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன்.

கட்டைப் பிரித்தார்கள். புண் ஆறியிருந்தது. ஆனால் பரிசோதித்த டாக்டரம்மா வேறொன்றைக் கண்டுபிடித்தார். இரண்டு கண்ணிலும் உள்ளுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம். "வலிக்காது, ஒண்ணும் தெரியாது. ஓரத்துலேர்ந்து பார்வையத் தின்னுட்டே வரும். போனது திரும்ப வராது. ஆனா பயப்படாதீங்க, காலையிலயும் சாயங்காலமும் விடாம சொட்டு மருந்து போட்டா இப்படியே நிறுத்தி வெச்சுடலாம்," என்றார். இவருக்குக் கண்ணருகே எது வந்தாலும் இமை மூடிக்கொள்ளும், கையெல்லாம் பசை வேறு. அதனால் மருந்து போடுவது என் பொறுப்பாயிற்று. அது தொண்டைக்கு இறங்கிக் கசக்குமாம். ஒவ்வொரு தடவையும் வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

அடுத்த மேண்டலின் தொடங்கியதும் விளக்கும் கேலிப்பரும் திரும்பி வந்தன. நான் அடுப்படியில் காத்திருந்தேன். தட்டினார், சுரண்டினார், தட்டினார். குரல் வரவில்லை. அந்த மேண்டலின் பழையபடி ஊமையாக வந்தது. தாடிக்காரரின் நண்பர் ஒருவர் அதை வாங்கிப்போய், மரியாதையாக ஏதோ காரணம் சொல்லித் திருப்பித் தந்தார். அதற்கடுத்ததும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்.

"கட்டோட செஞ்சது மட்டும் எப்படி அப்படி வந்துச்சுன்னே புரியல," என்றார் ஒருநாள். "கண்ணு தெரியாததாலதான் போல. இந்தக் கண்ணு ரெண்டும்தான் எனக்கு எதிரி."

கவனியுங்கள், ஐயா. இது அவர் வாயால் சொன்னது. நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. அதற்குப்பின் யோசிக்க அதிகம் இருக்கவில்லை. மருந்துக் குப்பியைக் கழுவி, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, துளி உப்புக் கரைத்து அதில் நிரப்பினேன். தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணாயிற்றே, அஜாக்கிரதையாக இருந்தால் சீழ் பிடித்துவிடும். அந்த விஷயத்தில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

"இப்பல்லாம் கசக்கலயே?" என்று கேட்டார்.

"மருந்த மாத்திட்டாங்க. இது கசக்காதாம்."

"அட, நல்ல காலம்," என்றார்.

டாக்டரம்மா சொன்னபடிதான் நடந்தது. ஒரு வலியுமில்லை. முதலில் நிலைப்படியில் தோள் இடித்தது. பிறகு பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டார். கீழே விழுந்த உளியைத் தேட நேரமாயிற்று. விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். டாக்டரம்மாவிடம் போகும்போதெல்லாம் அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு இன்னொரு மருந்தும் சேர்த்து எழுதினார். சிலருக்கு மருந்து கேட்காது என்றார். வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ விடாமப் போட்டுட்டுத்தானே இருக்க?" என்றார்.

"உங்க கண்ணு முன்னாலதானே போடறேன்," என்றேன்.

எழுதித் தந்த மருந்தை மாதாமாதம் வாங்கவும் தவறியதில்லை. பிரிக்காமல் அப்படியே பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கிவைத்தேன். நீங்கள் அவற்றை எடுத்துப் பையில் போட்டபோது, ஏன் கொட்டித் தொலைக்கவில்லை என்று கேட்டீர்கள். மனசு வரவில்லை, ஐயா. என்ன விலை விற்கிறது அது.

ஒருநாள் காலை கேலிப்பரின் முள்ளைப் பார்க்க முடியாமல் அதை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தடுப்போரம் நின்றேன்.

"இந்தா, வா. என்ன சொல்ற?"

அந்த மேண்டலினைத் தாடிக்காரரே வாங்கினார். பேரம் பேசவில்லை. அப்புறம் அவர் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். கண் தெரியாமலே செய்கிறாராமே என்று வாசலிலேயே கிசுகிசுப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் வாசித்துப் பார்த்தபின் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நாங்கள் இருவரும் இந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்தோம். அவர் தட்டுவார், நான் கேட்பேன். இந்த வீட்டில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அதற்குமுன் கிடையாது. நிலைப்படி இடிக்க ஆரம்பித்தபோதே நிறுத்தியிருந்தால் பாதிப் பார்வையாவது மிஞ்சியிருக்குமே என்றீர்கள். அந்த நினைப்பு வராமல் இல்லை. பாதிப் பார்வை இருந்தால் முள்ளைப் பார்ப்பாரே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்துவிட்டேன். தட்டிக் கேட்கவும் ஆள் இல்லை.

போன வாரம் மகள் வந்தாள். வெளியூரில் வேலை பார்க்கிறாள், எப்போதாவதுதான் வருவாள். நான் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், மழை பிடித்துக்கொண்டது. மருந்து போடும் நேரமாயிற்றே என்று அவளே தேடியிருக்கிறாள். என் குப்பியில் அடியில் கொஞ்சம்தான் இருந்திருக்கிறது. பீரோவைத் திறந்து புதியது ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டாள். நான் பையோடு உள்ளே நுழைந்தபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாக்கை மேலண்ணத்தில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதும்மா," என்று அவளிடம் சொன்னார்.

"சொட்டு மருந்து தொண்டைக்கு இறங்கினா கசக்கத்தான்பா செய்யும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அந்தப் பழைய குப்பியில மிச்சம் இருக்கறதப் போடு."

போட்டாள். காத்திருந்தார். "இது கசக்கல," என்றார். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு பீரோவின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். அவள் புத்திசாலி, அவள் அப்பா மாதிரி ஒவ்வொன்றாக அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மறுநாள் என்னை எதிரே உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"கட்டுப் போட்டிருந்தப்ப, பலகையத் தட்டிட்டு நான் யாரக் கேட்டேன்?"

"என்னை."

"போதும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப என் கண்ணு எங்கடி வந்துச்சு இதுல?"

நான் குனிந்து தரையில் கிடந்த மரச்சுருளைப் பொறுக்கினேன்.

"அந்தச் சத்தம் உன் காதுலேர்ந்து வந்தது. எனக்கு அப்பப் புரியல, நான் முட்டாள். உனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு. கண்ண வெச்சுக்கிட்டே உன்னைக் கேட்டிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அழுதார். பார்வை போனாலும் கண்ணீர் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னேனே, ஒருமுறை சொன்னேனே, நீங்கள் உப்பைப் பார்க்கச் சொன்னீர்களே என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அழுகிற மனுஷனிடம் பழைய கதையைக் கிளற எனக்குப் பிடிக்காது.

ஆக, மருந்தை மாற்றியது நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். மேசைமேல் இரண்டாகப் பிளந்து கிடக்கிற அந்தப் பலகை என்ன என்று. அது இன்று காலையில் நடந்தது. அவர் மேசைமுன் போய் உட்கார்ந்தார். பாதி வேலையில் நின்றிருந்த மேல்பலகை அது. இந்தப் பட்டறைக்கு வந்ததிலேயே நல்ல மரம். இதற்கென்று எத்தனையோ வருஷமாகக் காயவைத்திருந்தார். அதை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். இந்தப் பக்கம் வரக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.

தட்டினார். "என்ன சொல்ற?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளின் குரல்தான் வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

சுரண்டினார். வால் நீண்டது. மறுபடியும் தட்டி மறுபடியும் அவளைக் கேட்டார். அவள் தெரியலப்பா, தெரியலப்பா என்றாள். பிறகு ஒரு தட்டில் சத்தம் திறந்துகொண்டது பாருங்கள், ஐயா, அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. தாடிக்காரர் வாங்கியதெல்லாம் அதன் கால்தூசி பெறாது. இத்தனை வருஷம் நான் காதைத் தீட்டிவைத்திருந்தது அந்த ஒரு தட்டுக்காகத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் இன்னும் சுரண்டினார். சத்தம் மூடிக்கொண்டது. மேலும் சுரண்டினார், அது தகரமாயிற்று. தகட்டின் சத்தத்திலேயே பலகை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த தடவை அவர் கட்டைவிரலை அழுத்தித் தடவியபோது மரம் நீளவாக்கில் பிளந்தது. அவர் அந்த இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததாக மகள் சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

போதும் என்று அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாம், நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்புதான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே.